பொருள் பதிவேட்டில் இருந்த அம்மா

"வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள போக முடியலன்னா, அது வந்ததா, வராததா?"

எங்கள் கட்டடத்தின் மாடிப்படியில் நின்றுகொண்டு எஞ்சின் அக்கா என்னிடம் இப்படிக் கேட்டார். அவர் கையில் அலுவலகத்திலிருந்து வந்த ஒரு தாள் இருந்தது. பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த என்னால் அதை வாசிக்க முடிந்தது, விளங்கிக்கொள்ள முடியவில்லை. நடந்தது முழுவதையும் பிறகு அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

எஞ்சின் என்பது வேலை செய்யும் இடத்தில் வைத்த பெயர். பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் பதினோரு வருடமாக நீராவி இஸ்திரி இயந்திரத்தின் முன் நிற்பவர். கோபம் வந்தால் வாயைத் திறக்க மாட்டார். மூக்கால் ஒரு நீண்ட மூச்சு விடுவார். கூட இருப்பவர்கள் உடனே ஒதுங்கிக்கொண்டு, "வழி விடுங்கப்பா, வண்டி கிளம்பிடுச்சு" என்பார்கள். ஒரு நாளைக்கு நானூறு விரிப்புகள் அவர் கையால் மடியும். விளிம்போடு விளிம்பு சேராமல் யாராவது மடித்து வைத்திருந்தால், ஒரு வார்த்தை பேசாமல் பிரித்து மறுபடி மடிப்பார்.

கணவர் வேலை தேடி வேறு ஊருக்குப் போனார், போனவர் போனவர்தான். ஒன்பது வயதில் ஒரு மகள், ஐந்து வயதில் ஒரு மகன். இந்த இரண்டு பேரை வைத்துக்கொண்டு அவர் யார் வீட்டுக் கதவையும் தட்டியதில்லை. இயந்திரத்தின் மூடி ஒரு நாள் அவருடைய வலது கையின் மேல் இறங்கும் வரை.

முழங்கை வரை வெந்துபோனது. பத்து வாரம், அதே மருத்துவமனையில் தான் மடித்த விரிப்புகளின் மேலேயே படுத்துக் கிடந்தார். தங்கை வீட்டில் ஏற்கெனவே ஒரே அறையில் ஆறு பேர். தங்கையின் மாமியார் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திவிட்டார். அந்த நேரத்தில்தான் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். மூன்றே மாதம், கை ஆறியதும் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றார். கட்டுப்போட்ட வலது கையைப் பார்த்துவிட்டு, இடது கையால் போட்டாலும் செல்லும் என்று பேனாவை நீட்டினார். அக்கா கோணலாகக் கையெழுத்துப் போட்டார். பிள்ளைகள் காப்பகத்துக்குப் போனார்கள்.

கை ஆறியது. மூன்று மாதம் முடிந்தது. பிள்ளைகள் வரவில்லை. கேட்கப் போனபோதெல்லாம் மேடத்திடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. வீட்டைப் பார்த்து அறிக்கை எழுதவேண்டியவர் விடுப்பில் இருக்கிறார். அறிக்கை வந்துவிட்டது, ஆனால் கூட்டம் தள்ளிப்போய்விட்டது. பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போக ஒரு கையெழுத்துப் போதும். திருப்பித் தர அந்த அலுவலகத்தில் எத்தனை பேனா இருந்தும் மை வரவில்லை.

காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் நேரம் வியாழக்கிழமை மதியம் இரண்டிலிருந்து நாலு வரை. அந்த நேரத்தை யார் வைத்தார்களோ, அவர்கள் வேலைக்குப் போகும் எந்தத் தாயையும் பார்த்திருக்க மாட்டார்கள். மருத்துவமனையில் வியாழன்தான் அறுவை சிகிச்சை அறைகளின் துணி முழுவதும் வரும் நாள். மேற்பார்வையாளர் முறை மாற்றித் தரமுடியாது என்று சொல்லிவிட்டார். இரண்டே முக்காலுக்கு வேலையை முடித்து, இரண்டு பேருந்து மாறி, கடைசித் தெருவை ஓடிக் கடந்தால் நாலு பத்து. கதவு சாத்தியிருக்கும்.

காவலாளி கெட்டவர் இல்லை. "நாலு மணிக்கு மேல என் சம்சாரம் வந்தாலும் திறக்க முடியாதும்மா" என்பார். ஆனால் பையை வாங்கிக்கொள்வார். அக்கா ஒவ்வொரு வாரமும் பிள்ளைகளின் துணியைத் துவைத்து, இஸ்திரி போட்டு எடுத்துவருவார். அழுக்குத் துணி இன்னொரு பையில் திரும்பி வரும். எந்தப் பொருள் உள்ளே போனாலும் பதிவேட்டில் எழுதியாக வேண்டும் என்பது விதி. காவலாளி எழுதுவார்: பை ஒன்று, துணி எட்டு, கொடுத்தவர் தாய். பக்கத்திலேயே நேரமும் குறிப்பார். அக்கா கையெழுத்துப் போடுவார்.

அழுக்குத் துணியில் மகளின் சட்டையில் வாரா வாரம் ஒரு பொத்தான் அறுந்திருக்கும். காப்பகத்தில் பிள்ளையை யாரோ பிடித்து இழுக்கிறார்கள் என்று அக்கா நினைத்துக்கொண்டார். இயந்திரம் பழுதாகி சீக்கிரம் விட்ட ஒரு வியாழக்கிழமை உள்ளே போக முடிந்தபோது, முதல் கேள்வியே அதுதான்.

"யாரும் இழுக்கலம்மா. நான்தான் பல்லால கடிச்சு அறுத்தேன்" என்றாள் மகள். "நீ தைச்சு அனுப்பணும்ல."

அக்கா மகளின் சட்டையில் மிச்சமிருந்த பொத்தான்களை இழுத்துப் பார்த்தார். பிறகு, "பல்லு போயிடப் போகுது. கத்தரிக்கோல் கேட்டு வாங்கு" என்றார்.

இப்படி, கை ஆறி வேலைக்குத் திரும்பிய பிறகு ஆறு மாதத்தில் உள்ளே போனது இரண்டு தடவை.

அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சி வந்தது. காப்பகங்களில் இருக்கும் பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்கிறார்கள் என்று, கண்ணாடி போட்ட ஒரு இளம்பெண் கேள்வித்தாள் கட்டோடு வீட்டுக்கு வந்தார். அக்கா மகிழ்ந்துபோனார். இத்தனை மாதத்தில் அவரைத் தேடிவந்து உட்கார்ந்து கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான்.

கடந்த ஆறு மாதத்தில் எத்தனை முறை பிள்ளைகளைச் சந்தித்தீர்கள்? இரண்டு. குறைவாகச் சந்தித்ததற்குக் காரணம் என்ன? தாளில் நாலு கட்டங்கள் இருந்தன: தூரம், உடல்நலம், அக்கறையின்மை, பிற. "வாசல் சாத்திடுறாங்க" என்றார் அக்கா. அதற்குக் கட்டம் இல்லை. அந்தப் பெண் யோசித்துவிட்டு 'பிற' என்பதில் ஒரு சரி போட்டார். ஓரத்தில் சின்ன எழுத்தில், வாசல் மூடப்படுகிறது என்றும் எழுதினார். அக்கா அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து அனுப்பினார்.

நாலு மாதம் கழித்து வந்ததுதான் படிக்கட்டில் நான் வாசித்த அந்தத் தாள். இந்தக் குடும்பம் 'தொடர்பற்ற குடும்பம்' என்று ஆய்வில் கண்டறியப்பட்டிருக்கிறது. காரணம், பெற்றவரின் அக்கறையின்மை. ஆகவே இரண்டு பிள்ளைகளையும் வேறு ஊரில் உள்ள ஒரு குடும்பத்திடம் நிரந்தரமாக ஒப்படைப்பது பற்றிக் குழந்தைகள் நலக் குழு கூடி முடிவெடுக்கும். பன்னிரண்டு நாளில் கூட்டம்.

அக்கா அன்று வேலைக்குப் போகாமல் அலுவலகத்துக்குப் போனார். மேடம் கோப்பைத் திறந்து அவர் பக்கமே திருப்பிக் காட்டினார்.

"நான் சொல்லலம்மா. ஆராய்ச்சி சொல்லுது."

"ஆராய்ச்சிகிட்ட நான் அப்படிச் சொல்லவே இல்லயே."

மேடம் கோப்பை மூடினார். அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டார்.

கண்ணாடிப் பெண் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன எண்ணுக்கு அக்கா அழைத்தார். அவர் விசாரித்துச் சொன்னதைக் கேட்டால் யாருக்கும் ரத்தம் கொதிக்கும். 'பிற' என்ற கட்டத்தில் மிகச் சிலரே இருந்தார்களாம். சின்ன எண்ணிக்கைக்குத் தனியாக ஒரு வரி இருந்தால் அட்டவணை நன்றாக இருக்காது என்று மேலே இருந்தவர்கள் அதை 'அக்கறையின்மை'யோடு சேர்த்துவிட்டார்களாம். ஓரத்தில் எழுதியதைக் கணினியில் ஏற்ற இடமே இல்லையாம். அலுவலகம் கேட்டபோது குடும்பங்களின் பெயர்ப் பட்டியலையும் கொடுத்துவிட்டார்களாம். ஒரு பெண்ணின் இரண்டு பிள்ளைகளைவிட ஒரு அட்டவணையின் அழகு பெரிதாகப் போய்விட்டது. இதைச் செய்தவர்கள் படிக்காதவர்கள் இல்லை. பிள்ளைகளுக்கு நல்லது செய்யத்தான் ஆராய்ச்சியே செய்கிறோம் என்று முதல் பக்கத்தில் எழுதுகிறவர்கள்.

அக்கா அடுத்ததாகக் காப்பக வாசலுக்குப் போனார். பார்வையாளர் பதிவேட்டில் உள்ளே போனவர்களின் பெயர் மட்டும்தான் இருக்கும். திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு அதில் இடமில்லை. ஆனால் அவர் வாரா வாரம் ஏதோ ஒரு புத்தகத்தில் கையெழுத்துப் போட்டாரே, அது வேண்டும் என்றார். காவலாளி பதறிப்போனார். பொருள் பதிவேட்டை வெளியே கொடுத்தால் அவர் வேலை போய்விடும். அக்கா மூக்கால் மூச்சு விட்டார். காவலாளி இரண்டடி பின்னால் நகர்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க கேட்டா குடுக்கக்கூடாதும்மா. குழு கேட்டா குடுத்தே ஆகணும். கேக்க வைங்க."

காப்பகத்திலேயே நடந்த கூட்டத்தில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் நரைத்த மீசையோடு தலைவர். மேடம் கோப்பிலிருந்து வாசித்தார்: ஆறு மாதத்தில் இருமுறை வருகை, ஆய்வின்படி அக்கறையின்மை. ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று தலைவர் கேட்டார். வழக்கமாகக் கேட்கிற குரல்தான். பதிலை எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

"பொருள் பதிவேட்ட எடுத்துட்டு வரச் சொல்லுங்கய்யா" என்றார் அக்கா.

அது அரிசி, சோப்பு எல்லாம் எழுதுகிற புத்தகம், தாய்மார்களைப் பற்றியது இல்லை என்று மேடம் குறுக்கிட்டார்.

"ஆமா. என்னயும் அதுலதான் எழுதி வச்சிருக்கீங்க. அரிசியோட, சோப்போட."

தலைவர் மணியை அடித்தார். புத்தகம் வந்தது. பக்கம் பக்கமாகப் புரட்டி வாசிக்க ஆரம்பித்தார். பை ஒன்று, துணி எட்டு, கொடுத்தவர் தாய். பை ஒன்று, துணி ஏழு, கொடுத்தவர் தாய். நாலு பத்து. நாலு பன்னிரண்டு. நாலு ஏழு. வாசிக்க வாசிக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. அந்த ஆறு மாதத்தின் இருபத்தாறு வாரத்தில் உள்ளே போன இரண்டைத் தவிர, இருபத்தொரு கையெழுத்து.

"மீதி மூணு வாரம்?" என்றார்.

"காய்ச்சல். அந்த மூணும் வரல. அத வரலன்னு எழுதிக்குங்க. மத்ததெல்லாம் வந்தேன்."

மேடம் கோப்பின் கயிற்றைக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளை வேறு ஊருக்கு அனுப்புவதில்லை என்று முடிவாயிற்று. பார்க்கும் நேரம் அக்காவுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றப்பட்டது. மற்ற தாய்மார்களுக்கு அதே வியாழன்தான். இன்னும் ஐந்து மாதம் இழுத்தடித்த பிறகு பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். போனபோது அழுத மகன் வந்தபோதும் அழுதான். ஒரு வாரம் அம்மாவை வேறு யாரோ போலப் பார்த்தான். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மேடம் இப்போதும் அதே நாற்காலியில் இருக்கிறார்.

ஆராய்ச்சி புத்தகமாக வந்துவிட்டது. தொடர்பற்ற குடும்பங்கள் நாற்பத்தொன்று என்று அதில் அழகான ஒரு அட்டவணை இருக்கிறது. கண்ணாடிப் பெண் திருத்தச் சொல்லிக் கடிதம் எழுதினார். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அக்காவிடம் காட்ட அவர் நேரில் வந்தார், தலையைக் குனிந்துகொண்டே. அக்கா அவரைத் திட்டவில்லை. அட்டவணையில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

"இதுல ஒண்ணு நான். மீதி நாப்பது பேருல எத்தன பேரு பை கொண்டு வந்தாங்கன்னு யாருக்குத் தெரியும்? வெறுங்கையோட வந்து நின்னவங்களுக்குக் கையெழுத்துகூட இல்லயே."

இதை வாசிக்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வாசலில் நிற்கும் ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும், அல்லது அவரைத் தெரிந்த ஒருவரையாவது தெரிந்திருக்கும். உள்ளே விடாவிட்டாலும் வந்தேன் என்று எழுதச் சொல்லி, நேரம் போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டுத் திரும்பச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்த வாசலில் இருப்பவரிடம் எஞ்சின் அக்காவின் கதையைச் சொல்லுங்கள். கதையைக் கேட்டவரை இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.