நானூறு வோல்ட்டில் ஒரு சால்வை

என் தங்கை புருஷன் மாணிக்கவாசகத்தின் மைக்செட் பெட்டிக்கு ஒரு கம்பிக் கூண்டு உண்டு. பார்த்தால் கோழிக்கூண்டு மாதிரியே இருக்கும். கல்யாண வீடுகளில், "உள்ளே சேவல் ஏதும் இருக்கா?" என்று கேலி செய்வார்கள். அவர் என்னைப் பார்ப்பார். நான் வேறு பக்கம் பார்ப்பேன். அந்தக் கூண்டு வந்த கதையில் எனக்கும் பங்கு உண்டு. அவர்தான் வாயைத் திறக்காத ஆள், நானாவது சொல்லிவிடுகிறேன்.

மலாக்காவில் காஜா பெராங் பகுதியில் அவர் வீட்டு முன்னறைதான் ரேடியோ ரிப்பேர் கடை. கல்யாணம், திருவிழா என்றால் பெட்டியையும் இரண்டு ஒலிபெருக்கிக் கூம்புகளையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஊரார் குரலையெல்லாம் பெரிதாக்கிக் கொடுக்கிற மனிதருக்குச் சொந்தக் குரல் கிடையாது. மைக்கைச் சோதிக்க "ஹலோ" என்று ஒரு தடவை சொல்வார். இரண்டாவது ஹலோவை நான்தான் சொல்ல வேண்டும். பெண் பார்க்க வந்த அன்று அவர் பேசியதை எண்ணினால் ஒரு கை விரல்கள் போதும். இந்த ஊமையை எப்படி என் தங்கை தலையில் கட்டுவது என்று நான் முரண்டு பிடித்தேன். அவளோ, "ரேடியோவைத் தொறந்து மூடுறப்ப பாத்தேண்ணே, அவ்வளவு பதமா மூடினாரு" என்று சொல்லி என் வாயை அடைத்துவிட்டாள்.

ஐம்பத்தேழாம் ஆண்டு ஆகஸ்டு மாதம். முப்பத்தொன்றாம் தேதி காலை கோலாலம்பூரில் மலாயாவின் சுதந்திரப் பிரகடனம். அதை வானொலி நேரடியாக ஒலிபரப்பும். எங்கள் வட்டாரத்து விழாக் கமிட்டி, மலாய் பேசும் மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டிக்குப் பக்கத்துத் திடலில் எல்லாரும் கூடிக் கேட்பது என்று முடிவு செய்தது. கமிட்டித் தலைவர் கலியாணசுந்தரம் வந்து மாணிக்கவாசகத்திடம் சொல்லிவிட்டுப் போனார். இவரும் தலையாட்டிவிட்டார்.

வீட்டில்தான் சிக்கல். என் தங்கை சிவகாமிக்குப் பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. முப்பது நாள் முடியாமல் வாசற்படி தாண்டக் கூடாது என்பது எங்கள் அம்மாவின் சட்டம். திடலுக்கோ ரேடியோ வேண்டும். நன்றாகப் பாடுகிற ரேடியோ அந்த வீட்டில் ஒன்றுதான், அதுவும் அவள் கட்டில் பக்கத்தில்.

"இருக்கிற ஒரு ரேடியோவையும் தூக்கிட்டுப் போறீங்க. நாடே கேக்குது, நான் மட்டும் கூரையப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கணுமா?" என்றாள். குரலில் கோபம் குறைவு, அழுகை அதிகம்.

மாணிக்கவாசகம் பிள்ளையைப் பார்த்தார், ரேடியோவைப் பார்த்தார். "படுத்த எடத்துலயே கேப்ப. நான் கேக்க வைக்கிறேன்" என்றார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு பிரசங்கம்.

திடலிலிருந்து வீடு அரை மைல். அவர் பெட்டியோ பதினைந்து வாட். ஒரு கூம்பைத் திடலுக்கும் இன்னொன்றை வீட்டுப் பக்கமும் திருப்பிவைத்துப் பார்த்தார். நான் சைக்கிளில் போய் என்ன கேட்கிறது என்று தங்கையிடம் விசாரித்தேன். "கொசு கத்துது" என்றாள்.

அதன் பிறகுதான் மனிதர் பெட்டியைத் திறந்தார். உள்ளே சத்தத்தைப் பெருக்குகிற இரண்டு பெரிய கண்ணாடி வால்வுகளுக்கு முந்நூறு வோல்ட் போதும் என்று அதைச் செய்த கம்பெனி எழுதியிருந்தது. அவரிடம் பட்டாளத்துக்காரர்கள் ஏலம் விட்ட கனத்த டிரான்ஸ்பார்மர் ஒன்று கிடந்தது. அதில் இருபத்தைந்து இருபத்தைந்து வோல்ட்டாக ஏற்றிக்கொண்டே போகலாம். வோல்ட் ஏறினால் சத்தம் ஏறும், கூடவே சூடும் ஏறும். சூடு எல்லை மீறினால் வால்வு போய்விடும், மலாக்கா முழுக்கத் தேடினாலும் அந்த வாரத்தில் இன்னொன்று கிடைக்காது. இதை அவர் சொல்லவில்லை. வியர்த்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டதிலிருந்து நானாகப் புரிந்துகொண்டேன்.

சூட்டை அளக்க அவரிடம் கருவி கிடையாது. மெழுகுவர்த்தியை நறுக்கி ஒரு துண்டை டிரான்ஸ்பார்மர் இரும்பின்மேல் வைத்தார். "மெழுகு பளபளன்னு ஆச்சுனா சொல்லுங்க மச்சான்" என்றார். என் உத்தியோகம் அதுதான், மெழுகு பார்ப்பது. அவர் வால்வுக் கண்ணாடிக்குள் இருந்த கறுப்புத் தகட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்று நாள் சாயங்காலம் இதே வேலை. ஒரு படி ஏற்றுவது, ஒரு மணி நேரம் ஓட விடுவது, நான் சைக்கிள் மிதிப்பது. முந்நூற்றைம்பதில் தங்கை, "யாரோ பேசுறாங்க, மொழிதான் தெரியல" என்றாள். முந்நூற்று எழுபத்தைந்தில் மலாய் என்று கண்டுபிடித்தாள். நானூற்று இருபத்தைந்தில் மெழுகு ஓடிவிட்டது, கறுப்புத் தகடும் அடுப்புக் கங்காகச் சிவந்தது. சட்டென்று நானூறுக்கு இறக்கினார். பேச்சு வராத நேரத்தில் வால்வு சும்மா எரியாதபடி ஒரு திருகைத் திருகி அடக்கினார். ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் கடை வைத்திருக்கும் யூசுப் பாய் தன் கல்லா மேசை விசிறியைக் கொடுத்தனுப்பியிருந்தார். அதைப் பெட்டிக்கு நேரே வைத்தோம். தகடு கறுத்தது, மெழுகு கெட்டியாகவே நின்றது. நான் வீட்டுக்குப் போனபோது சிவகாமி கட்டிலில் உட்கார்ந்து வானொலிச் செய்தியை வரி பிசகாமல் ஒப்பித்தாள். எனக்குக் கால் கழன்றுபோயிருந்தது, ஆனாலும் சிரித்தேன்.

முப்பத்தொன்றாம் தேதி காலை திடலில் நானூறு பேருக்குக் குறையாது. தமிழர், செட்டிக்காரர், மலாய்க்காரர், சீனர் என்று எல்லா வீட்டு ஆட்களும் நல்ல துணி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு செட்டிக்காரர் வீட்டு ஜன்னல் வழியாகக் கரண்ட் இழுத்திருந்தோம். எல்லாம் கச்சிதம். அப்போது வானொலி, கோலாலம்பூரில் மழை, நிகழ்ச்சி ஒரு மணி நேரம் தள்ளிப்போகிறது என்றது.

மாணிக்கவாசகம் என் காதில், "பெட்டிய நிறுத்தி ஆறப் போடலாம்" என்றார். அதற்குள் கலியாணசுந்தரம் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"நிறுத்தாதீங்க தம்பி. சத்தம் நின்னா கூட்டம் கலைஞ்சிரும். நான் நாலு வார்த்த பேசுறேன்."

அவருடைய நாலு வார்த்தை முப்பத்தைந்து நிமிடம் ஓடியது. கமிட்டியின் வரலாறு, திடலுக்குப் புல் வெட்டிய விவரம், அவருக்கு வந்த முட்டுவலி என எதையும் விடவில்லை. பேச்சு தீர்ந்ததும் நேரத்தை ஓட்ட வேறு வழி தெரியாமல், எங்களவர்கள் எப்போதும் செய்வதைச் செய்தார்கள். சால்வை போர்த்த ஆரம்பித்தார்கள். தலைவருக்குச் செயலாளர் போர்த்தினார், செயலாளருக்குத் தலைவர் போர்த்தினார். ஒரு சால்வை மிஞ்சியது.

"நம்ம மைக்செட் தம்பிக்கும் ஒரு மரியாத" என்றார் கலியாணசுந்தரம்.

மாணிக்கவாசகத்தைப் பிடித்து மேடையில் ஏற்றினார்கள். பத்து வருடமாக மேடைக்குக் கீழேயே உட்கார்ந்திருந்த மனிதர். பச்சைச் சால்வை தோளில் விழுந்ததும் கைதட்டல் எழுந்தது. அவர் கண் கலங்கிவிட்டது. ஏதாவது சொல்ல வேண்டும், அதுதான் அவருக்கு வராதே. விறுவிறுவென்று இறங்கி வந்தார். சால்வையைக் கழற்றினார். மரியாதை எனக்கில்லை, இதற்குத்தான் என்பதுபோல் அதைப் பெட்டிக்குப் போர்த்திவிட்டுக் கும்பிட்டு நின்றார்.

கூட்டம் ஆரவாரம் செய்தது. நானும் எழுந்து நின்று கை வலிக்கத் தட்டினேன். மெழுகு சால்வைக்குள் போய்விட்டதே என்று எனக்கு உறைக்கவில்லை. மூன்று நாள் சூடு சூடு என்று என்னைத் துரத்திய மனிதருக்கும் உறைக்கவில்லை.

அடுத்து வானொலியில் முரசும் வாத்தியமும் கேட்டன. சற்று நேரத்தில் பிரகடனம் தொடங்கியது. எல்லாரும் அசையாமல் நின்றோம். யூசுப் பாயின் விசிறி சால்வையை ஆட்டிக்கொண்டிருந்தது. தேன்கூட்டைப் பொசுக்கினால் வருகிற வாடை ஒன்று என் மூக்கில் ஏறியது. திரும்பிப் பார்த்தேன். சால்வையின் நடுவில் ஒரு பழுப்பு வட்டம் விரிந்துகொண்டிருந்தது.

"மாப்ள, மெழுகு" என்றேன்.

அவர் பாய்ந்து சால்வையை உருவினார். ஒரு வால்வு கண்ணாடி விண்டு செத்துப்போயிருந்தது. இன்னொன்றின் தகடு சிவந்து கிடந்தது. ஒரே இழுப்பில் முந்நூறுக்கு இறக்கினார். சத்தம் பாதிக்கும் கீழே போயிற்று. திடலின் பின்வரிசைக்காரர்கள் காதில் கைவைத்தார்கள்.

"சிவகாமிக்குக் கேக்காது மச்சான்" என்றார். விசிறியைக் கையில் தூக்கி, மிச்சமிருந்த வால்வின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். அது பிழைத்தால் முன்வரிசைக்காவது கேட்கும். எனக்கு அவரைத் திட்டவும் மனம் வரவில்லை, என்னைத் திட்டிக்கொள்ளவும் நேரமில்லை.

பிரகடனம் முடிந்தது. மெலிந்த அந்த ஒலியில், மலாயில் விடுதலை என்று பொருள்படும் "மெர்டேக்கா" முழக்கம் முதல் தடவை வந்தது. முன்வரிசை கேட்டுவிட்டுத் திருப்பிக் கத்தியது, பின்வரிசை அதைக் கேட்டுக் கத்தியது. இரண்டாவதில் திடல் மொத்தமும் சேர்ந்துகொண்டது. முட்டுவலித் தலைவர்கூடக் குதித்தார். அப்படியே ஏழு முறை. மாணிக்கவாசகம் ஏழு முறையும் விசிறியை விடவில்லை, வாயையும் திறக்கவில்லை. ஏழாவதும் அடங்கியபோது வால்வைப் பார்த்தார். தகடு கறுத்திருந்தது. எழுந்து நின்றார். எல்லாரும் முடித்துவிட்ட அமைதியில் தனியாக, தொண்டை கிழிய, "மெர்டேக்கா" என்று கத்தினார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு நடந்தோம். ரேடியோ என் தலையில், ஓட்டைச் சால்வை அவர் தோளில். வழியெல்லாம் அவர் தலை நிமிரவில்லை. பெட்டிமேல் இனி எந்தத் துணியும் படாதபடி அந்தக் கம்பிக் கூண்டை அவர் அடித்தது அடுத்த வாரம்தான். சிவகாமி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"கேட்டுச்சா தங்கச்சி?" என்று நான்தான் கேட்டேன்.

"கலியாணசுந்தரம் அண்ணன் முட்டிவலி முழுசும் கேட்டுச்சு. முக்கியமான எடத்துல செத்துப்போச்சு" என்றாள்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என் தப்புதான். நானே போத்திட்டேன்" என்றார்.

"இருங்க, நான் இன்னும் சொல்லி முடிக்கல. கொஞ்ச நேரங்கழிச்சு ஜனங்க கத்துனது வந்துச்சு. பிள்ள தூக்கிவாரிப் போட்டு முழிச்சிக்கிட்டான். நானும் அவனுமா எண்ணினோம், ஏழு." அவள் சால்வையை வாங்கி, ஓட்டை தெரியாமல் மடித்துப் பிள்ளையின்மேல் போர்த்தினாள். "எல்லாம் அடங்கினப்புறம் எட்டாவதா ஒண்ணு வந்துச்சு. அது யாருன்னு இவன்கிட்டச் சொல்லிட்டேன்."