ட்ராக்கில் ஒட்டியிருந்த அம்புக்குறி

1. சும்மா கிடந்த இடம்

புலம்பெயர்ந்து வந்து, சென்ட் லோரன்ட் நகரில் ஒரு விளையாட்டு மையத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் வெளியே மூக்கு விறைக்கும் குளிர். உள்ளே மேல்மாடியில் வட்டமாக ஒரு நடைபாதை. ரப்பர் தரை, நல்ல வெளிச்சம், இதமான சூடு. அதை ட்ராக் என்பார்கள். காலையில் அங்கே ஒன்றிரண்டு ஓட்டக்காரரைத் தவிர ஆளில்லை. "முருகா, மனுசர் நடக்கிறதுக்கெண்டே ஒரு கட்டடமா!" என்று தரை துடைக்கும் மொப்பைச் சுவரில் சாத்திவிட்டுக் கும்பிட்டேன். வேலை விட்டு ஓய்வெடுத்த பிறகு அந்தக் கும்பிடை நினைத்தால் கோபம்தான் வருகிறது. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

என் மனைவி மலருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. கால் விரல்களில் உணர்ச்சி குறைந்துகொண்டு வந்தது. ஒவ்வொரு நாளும் நடக்காவிட்டால் கால் பழுதாகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பனிக்காலத்தில் எங்கே நடப்பது? கடைத்தொகுதிக்குப் போகப் பஸ் மாறவேண்டும். எங்கள் மையமோ வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மனேஜர் மதாம் சொலாஞ்ஜிடம் கேட்டேன். "வரட்டும், முஸ்யூ சிவம். கட்டடம் எல்லாருக்கும்தானே," என்றார்.

மலர் தனியே வரவில்லை. கோயிலில் பழகிய நாலைந்து பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். வந்தவர்கள் ட்ராக் வாசலில் சப்பாத்தைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார்கள். மதாம் சொலாஞ்ஜ் ஓடிவந்து, "சப்பாத்து! சப்பாத்து!" என்று கத்தினார். "இதென்ன ஊரப்பா, சப்பாத்தோட உள்ள போகட்டாம்," என்று பெண்கள் சிரித்தார்கள். அடுத்த நாள் சேலைக்குக் கீழே புதுக் கன்வஸ் சப்பாத்து. அந்தச் சிரிப்புக்குப் பிறகு அங்கே சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை.

2. எதிர்ப்பக்கம்

ட்ராக்கில் ஓடுபவர்கள் நடுப்பகுதி இடக்கைப் பக்கம் இருக்கும்படி ஓடுவார்கள். தரையிலும் அப்படியே பெரிய அம்புக்குறி ஒட்டியிருந்தது. எங்கள் பெண்கள் அதைப் பார்க்கவே இல்லை. கோயில் வீதி சுற்றும் பழக்கத்தில் வலப்பக்கமாக, ஓடுபவர்களுக்கு எதிரே நடந்தார்கள், வாய்க்குள் தேவாரத்தோடு. உயரமான ஓட்டக்காரர் ஒருவர் வளைவில் மலருக்கு மேலே மோதப் பார்த்து நின்றார். நேரே கீழே போய் முறைப்பாடு சொன்னார்.

மதாம் என்னைக் கூப்பிட்டார். "அம்புக்குறிப்படி நடக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வரவேண்டாம்."

வீட்டில் மலரிடம் சொன்னேன்.

"இடப்பக்கமாச் சுத்துறதோ? அது செத்தவீட்டில பிரேதத்தைச் சுத்துறது. இஞ்சருங்கோ, நான் உயிரோட இருக்கவெண்டுதானே நடக்கிறன்?"

"இது கோயில் இல்லை மலர். நீர் சும்மா நடவும்."

"சும்மா நடக்கேக்க எனக்குத் தேவாரம் வருது. தேவாரத்தோட இடப்பக்கம் போக ஏலாது."

வேறு ஆள் என்றால் பிடிவாதம் என்று சொல்லுவார்கள். நான் சொல்லவில்லை. நானும் அப்படி ஒரு சுற்றும் சுற்றமாட்டேன். அதனால் மறுபடி மதாமிடம் போய், "கிழமையில் சில நாள் அம்புக்குறியை மற்றப் பக்கம் திருப்பிவிடலாமே? அன்றைக்கு எல்லாரும் அந்தப் பக்கம் போகட்டும்," என்றேன். ஒட்டுத்தாள்தான். நானே உரித்து ஒட்டியிருப்பேன்.

அவர் கைகளை விரித்தார். "நல்ல யோசனை. ஆனால் என்னால் முடியாது. பாதுகாப்புக் குழு பார்க்கவேண்டும். பிறகு இன்சூரன்ஸ்காரர். பிறகு நிர்வாகக் குழு கூடவேண்டும்."

"எப்போது கூடுவார்கள்?"

"பொறுங்கள், முஸ்யூ சிவம்."

கிழமைக்குக் கிழமை கேட்டேன். ஒவ்வொரு முறையும் அதே "பொறுங்கள்." என் மொப்புக்கு முன்னால் அந்த ட்ராக் வெறுமையாகக் கிடந்தது. சூட்டுக்கும் குறைவில்லை, வெளிச்சத்துக்கும் குறைவில்லை.

3. குகன்

மலரின் தம்பி குகனுக்கு யாழ்ப்பாணத்தில் சுகாதாரப் பகுதியில் வேலை. சனங்களை நடக்கவைப்பதுதான் அவனுடைய உத்தியோகம். ஒருநாள் போனில் இதைச் சொன்னேன்.

"அத்தான், என்னட்ட இருக்கிறது ஒரு பானரும் வருசத்தில ஒரு நடைபவனியும். பெரியாக்கள் ரீசேர்ட் போட்டுப் படம் எடுத்திட்டுப் போயிடுவினம். பேந்து ரோட்டில நடக்கிறதெண்டா மோட்டார் சைக்கிள், நாய், வெயில். பொம்பிளையள் குளக்கட்டில நடக்க ரெண்டு லைட் கேட்டவை. மேலிடம் உடனே ஓமெண்டிட்டுது. லைட்டுக்குத்தான் காசில்லை."

"இஞ்ச லைட் எரியுது தம்பி. ஆள்தான் இல்லை."

"இஞ்ச அனுமதி இருக்கு, இடமில்லை. உங்கட பெரிய நாட்டில ஒரு ஒட்டுத்தாளைத் திருப்ப ஆளில்லையோ அத்தான்? எனக்கு அந்தக் கட்டடத்தைத் தாங்கோ. நாளைக்கே ஊரையே நடக்கவைக்கிறன்."

அவன் பகிடியாகச் சொல்லவில்லை. நானும் சிரிக்கவில்லை.

4. பூட்ஸ்

உள்ளே விடாததால் மலர் வெளியே நடந்தார். டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் நடந்தார். பனி உறைந்த நடைபாதையில், கனத்த பூட்ஸோடு. பூட்ஸ் கடித்தது. விரலில் உணர்ச்சி இல்லாததால் அவருக்குத் தெரியவில்லை. ஒரு பின்னேரம் அவருடைய காலுறையில் இரத்தத்தைக் கண்டது நான்தான். ஆஸ்பத்திரியில் மருந்து போட்டார்கள், கட்டினார்கள், கடைசியில் இடக்கால் சின்னவிரலை எடுத்துவிட்டார்கள்.

"ஒரு விரலோட போச்சுது, முருகன் காப்பாத்தினான்," என்றார் மலர். அவருக்கு அவ்வளவு மனம். எனக்கு இல்லை. நான் முருகனோடும் சண்டை பிடித்தேன்.

பனி கரைந்து மரங்கள் துளிர்த்த பிறகு குழு கூடியது. கிழமையில் பாதி நாள் ஒரு பக்கம், பாதி நாள் மற்றப் பக்கம் என்று தீர்மானித்தார்கள். அம்புக்குறியை என்னிடமே தந்தார்கள். ஒட்டி முடிக்கச் சாமி கும்பிடும் நேரம்கூட எடுக்கவில்லை. வாசலில், 'எல்லோருக்குமான மையம்' என்று எழுதிக் கண்ணாடி போட்ட ஒரு படமும் தொங்கவிட்டார்கள். அந்தக் கண்ணாடியைத் துடைப்பதும் என் வேலைதான்.

அடுத்த பனிக்காலம் மலர் விசேஷச் சப்பாத்தோடு வந்தார். ஒரு கை சுவரில், வலப்பக்கமாக, மெதுவாக. பழைய பெண்களில் ஒருவர்தான் கூட வந்தார். அந்த உயரமான ஓட்டக்காரரும் அன்று அதே பக்கம் ஓடினார். முடித்து வியர்வை துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இப்படி மாற்றி ஓடுவது நல்லது, தெரியுமா? ஒரே பக்கம் ஓடி என் இடது முழங்கால் நொந்து போயிருந்தது. இதை முதலே செய்திருக்கலாமே!"

நான் மொப்பைப் பிழிந்தேன். பதில் சொன்னால் வேலை போயிருக்கும்.

பிள்ளைகளே, கட்டடத்தைப் பார்த்துக் கும்பிடாதீர்கள். துடைக்கும் தரையில் யாருடைய கால் படவில்லை என்று பாருங்கள். கேளுங்கள். பொறுக்கச் சொன்னால் எதுவரைக்கும் என்று கேளுங்கள். முதலே செய்திருக்கலாம் என்று அந்த மனுசர் லேசாகச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். மலர் அப்போதும் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுத்த வளைவுக்கு நடந்துகொண்டிருந்தார்.