இரட்டைக் கோடு

ஒரு சார்பை அலைகளாகப் பிரிப்பதுதான் என் கணிதம். மதிப்புகள் வெறும் எண்களென்றால் அளவைக் காட்ட இருபுறமும் ஒற்றைக் கோடு போடுவோம். நீளமும் திசையும் கொண்ட காவிகளென்றால் இரட்டைக் கோடு. ஆனால் காவியின் நீளத்தை எப்படி அளக்கிறோம் என்பதுதான் சங்கதியே. அளக்கும் விதத்தைப் பொறுத்து, ஒரே நீளமுள்ள காவிகளின் முனைகள் ஒரு வெளியில் உருண்டையாக அமையும், இன்னொன்றில் மூலைகளோடு அமையும். உருண்டையான வெளியில் மெய்யானது மூலைகள் உள்ள வெளியில் பொய்யாகிவிடும். அந்த வித்தியாசத்தில் பத்து வருஷம் கிடந்தேன்.

ஆய்வு லீவுக்கு விண்ணப்பித்தேன். துறைக் கூட்டத்தில் மூத்த பேராசிரியர் அதைப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

“உதிலை என்ன இருக்கு, பிள்ளை? பக்கத்திலை இன்னொரு கோடு போட்டால் எல்லாம் வந்திடும்தானே?”

நாற்பத்து மூன்று வயதில் நான் பிள்ளை. லீவு இல்லை என்றார்கள். வீட்டுக்குப் போக உரும்பிராயில் பஸ்ஸால் இறங்கும்வரை பல்லை நெறுமிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த மாதம் கருத்தரங்கில் அவர் தன் புதுக் கட்டுரையை விளக்கினார். கரும்பலகையில் ஒற்றைக் கோட்டை இரட்டைக் கோடாக்கினார். உருண்டை வெளிக்கு மட்டுமே பொருந்தும் சமன்பாட்டை எல்லா வெளிக்கும் எழுதினார். நான் எழுந்து போய், மூலையுள்ள ஒரு வெளியை எடுத்து அவருடைய சமன்பாட்டின் இரண்டு பக்கத்தையும் கணக்கிட்டேன். ஒரு பக்கம் நான்கு வந்தது. மற்றப் பக்கம் இரண்டு.

“ஓமோம், உது சின்னப் பிழை, பிள்ளை” என்று அவர் அழிப்பானை எடுத்தார்.

நான் செய்தால் சின்ன வேலை. அவர் விட்டால் சின்னப் பிழை. அழிப்பானை அவர் கையிலிருந்து பறித்தேன்.

“அழிக்காதேங்கோ, சேர். நீங்கள் தள்ளிவிட்ட என்ரை விண்ணப்பத்தின்ரை முதலாம் பக்கம் இதுதான்.”