சேலையின் மறுமுனை

2024 ஜூன் 12, புதன்கிழமை, காலை பத்தே கால். மணவாள நகரில் எங்கள் வீட்டில் அக்காவின் மகள் பிறந்து அது எட்டாம் நாள். எண்ணெய் தேய்க்க அம்மா தூக்கியபோது குழந்தை வீறிட்டது. கிடத்தினால் அடங்கியது, அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் மீண்டும் வீறிட்டது.

"உரம் வுயுந்துக்கினு கீது. அந்தப் பயைய பொடவைய எடு," என்றாள் அம்மா.

பச்சைக் குழந்தையின் கழுத்தோ தோளோ பிசகுவதை உரம் விழுதல் என்போம். சேலையில் குழந்தையை இட்டு, இருவர் இரு முனைகளைப் பிடித்து உருட்டினால் பிசகு விலகும் என்பது நம்பிக்கை.

"வலது கைய ஆட்டவே மாட்டேங்குதும்மா. டாக்டராண்ட போலாம்," என்றாள் அக்கா.

"இதுக்குலாம் டாக்டரா? உன் தங்கச்சிய நாலு தபா உருட்டிக்கிறேன். இன்னா கொறஞ்சி பூட்டா? புக்கு மேல புக்கா படிச்சினுதான கீறா."

நான் சிரித்தேன். அந்தக் கை துணிபோலக் கிடப்பதை இரண்டு நாட்களுக்கு முன்பே கவனித்திருந்தேன்; சொல்லவில்லை. மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். மூன்று முறை உருட்டினோம். கடைசியில் குழந்தையின் வாய் திறந்தே இருந்தது, ஒலி வரவில்லை.

"பாத்தியா, அடங்கிடுச்சி," என்றாள் அம்மா.

அக்காவின் கணவர் கும்மிடிப்பூண்டியில் பகல் ஷிப்டில் இருந்தார். பிற்பகல் அக்கா எங்களைக் கேட்காமலே ஆட்டோ அழைத்தாள். நாங்களும் ஏறிக்கொண்டோம்.

எக்ஸ்ரேயில், கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள வலது காறை எலும்பு இரண்டாக இருந்தது.

"பொறக்கும்போதே ஒடைஞ்சிருக்கு," என்றார் மருத்துவர். "பெரிய குழந்தை, தோள் மாட்டியிருக்கும். எலும்பு தானா சேந்துடும். நரம்பும் அடிபட்டிருக்கான்னு போகப் போகத்தான் தெரியும். வீட்டுல ஏதாவது பண்ணீங்களா?"

அம்மா சுவரைப் பார்த்தாள்.

"உரம் எடுத்தோம்," என்றேன். "மூணு முறை."

அவர் திட்டவில்லை. "அசைக்கிறப்ப எல்லாம் வலிச்சிருக்கும். இனிமே அந்தக் கை அசையக் கூடாது. சட்டைக் கைய நெஞ்சோட சேத்து ஊக்கு குத்தி வைங்க."

உடைத்தது நாங்கள் அல்ல என்பது எனக்கு ஆறுதலாகவில்லை. எட்டு நாட்களாகக் குழந்தை அந்த வலி ஒன்றையே சொல்லி அழுதிருக்கிறது. அன்றிரவு அக்கா குழந்தையை எங்கள் இருவரிடமும் தரவில்லை.

மறுநாள் காலை அம்மா எண்ணெய் சூடாக்கவில்லை. குழந்தைக்குச் சட்டை மாற்றிவிட்டு அக்கா ஊக்கைத் திறந்தாள். முனையைச் சட்டைவரை கொண்டுபோய் நிறுத்தினாள். பிறகு ஊக்கை என்னிடம் நீட்டினாள். சட்டைக்கும் தோலுக்கும் இடையே என் இரண்டு விரல்களை வைத்து, தவறினால் ஊக்கு அவற்றில் ஏறட்டும் என்று, சட்டைக் கையை நெஞ்சோடு சேர்த்துக் குத்தினேன்.