ஆள் இல்லாத வாக்கியம்

க்ளையண்டின் ஃபோல்டர் ஒன்று அழிந்துபோன அன்று, ஹைதராபாத் மாதாப்பூரில் எங்கள் ஆபீஸ் இழவு வீடு மாதிரி இருந்தது. டேட்டாவை பேக்கப்பிலிருந்து மீட்டுவிட்டார்கள். ஆனால் என்ன நடந்தது என்று ரிப்போர்ட் போக வேண்டும். எடிட்டரான என் கையைத் தாண்டாமல் எந்த ரிப்போர்ட்டும் போகாது.

எங்கள் இன்ஜினீயர்களுக்கு கோடிங் தண்ணி பட்ட பாடு. இங்கிலீஷில் எழுதும்போது மட்டும் செய்த ஆளைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். 'சாப்பிட்டுவிட்டு, சர்வர் ரீஸ்டார்ட் செய்யப்பட்டது' என்பார்கள். இங்கிலீஷில் அப்படி எழுதினால் சாப்பிட்டது சர்வர் என்றாகிவிடும். டாங்கிளிங் மாடிஃபையர் என்று இதற்குப் பெயர். முன்பாதி பிடிமானமில்லாமல் தொங்கும். வருடக்கணக்காக இதையே திருத்தி அலுத்துப்போயிருந்தேன்.

அன்றைய ரிப்போர்ட்டிலும் அதேதான். 'தவறான ஃபோல்டரை அழித்தபின், சர்வர் நின்றுபோனது.' அழித்தது யார்? மேனேஜர் சுந்தரத்திடம் போனேன். இந்த ஊர் லோத்குண்டாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்.

"ஸ்டெல்லா பேரைப் போட்டுடுங்க சார். ப்ரொபேஷன்ல இருக்கற பொண்ணுதானே," என்றார்.

ஸ்டெல்லா தூத்துக்குடிப் பெண். அவள் சீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"கமாண்ட் அடிச்சது நாந்தான் சார். இந்த ஃபோல்டர்தான்னு சொன்னது சுந்தரம் சார். எம் பேரு போச்சுன்னா வேலை போயிரும். வீட்டுல ஊருக்கு வரச்சொல்லிருவாங்க சார்."

'சுந்தரம் சொன்னபடி ஸ்டெல்லா ஃபோல்டரை அழித்தபின்' என்று திருத்தி அவரிடமே கொடுத்தேன்.

"என் பேர் எதுக்கு சார்?"

"செஞ்சவங்க பேரைப் போட்டா, செய்யச் சொன்னவங்க பேரையும் போடணும் சார்."

தாளை என்னிடமே திருப்பித் தந்தார். பிறகு, "நக்கோ சார், வேண்டாம், பழையபடியே போகட்டும்," என்றார்.

அப்படியே போனது, கீழே சரிபார்த்தவர் என்று என் பெயரோடு. மறுநாள் க்ளையண்டிடமிருந்து பதில் வந்தது. சர்வர் தானாக ஃபோல்டரை அழிக்குமா, உங்கள் எடிட்டருக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று கேட்டிருந்தார்கள். எடிட்டரின் கவனக்குறைவு, மன்னிக்கவும் என்று சுந்தரம் எழுதினார். கோபமெல்லாம் என் இங்கிலீஷ் மேல் திரும்ப, விஷயம் அதோடு அடங்கிவிட்டது.

ஸ்டெல்லாவுக்கு வேலை நிரந்தரமானது. என் அப்ரைசலில் இங்கிலீஷில் முன்னேற்றம் தேவை என்று எழுதினார்கள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தொங்கும் வாக்கியத்தைக் கண்டதும் திருத்த உட்காராதீர்கள். எழுந்து போய், செய்தது யார், செய்யச் சொன்னது யார் என்று கேளுங்கள். இரண்டு பெயரையும் எழுத விட்டால் எழுதுங்கள். ஒரு பெயரைத்தான் எழுத விடுவார்கள் என்றால், தொங்கட்டும், விட்டுவிடுங்கள்.