கோர்ட்டுக்கு மேலே ஒரு கோர்ட்

போன வியாழக்கிழமை உத்தமபாளையம் கோர்ட்டிலிருந்து வீடு திரும்பி இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் காதர் மைதீன் ராவுத்தர். கையில், பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்த ஒரே ஒரு தாள்.

நாலு தடவை படித்தேன். இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கு வக்கீலம்மா நான். வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, பாதை வழக்கு — எதைக் கொடுத்தாலும் தூக்கத்தில்கூட வாதாடுவேன். ஆனால் அந்தத் தாள்... தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ராவுத்தரைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துத் தெரு. தென்னந்தோப்பும் கொஞ்சம் திராட்சைப் பந்தலும் உண்டு. எங்கள் வாய்க்கால் கமிட்டிக்குத் தலைவர். அவரும் என் அப்பாவும் 'மச்சான்', 'மாப்ளே' என்று பழகியவர்கள். அதனால் எனக்கு அவர் மாமா, அவர் மனைவி சுலைகா அத்தை. ஒரே மகன் சாகுல். ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்க அயர்லாந்து போனான். படிப்பு முடிந்தது, விசாவும் முடிந்தது, பையன் மட்டும் திரும்பவில்லை. அங்கே ஒரு பேக்கரியில் வேலை பார்த்த மார்த்தாவைக் கல்யாணம் செய்துகொண்டான்.

மார்த்தா அயர்லாந்துக்காரி இல்லை. போலந்துக்காரி. ஐரோப்பிய யூனியனில் இருக்கும் எந்த நாட்டுக்காரரும் இன்னொரு நாட்டில் போய்ப் பிழைக்கலாம் என்று ஒரு ஏற்பாடு, அப்படி வந்தவள்.

கல்யாணச் செய்தி வந்தபோது சுலைகா அத்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை. கம்பத்தில் இருக்கும் அண்ணன் மகளை மனதில் வைத்திருந்தார் பாவம். மூன்றாம் நாள், "அந்தப் புள்ள நம்ம சாப்பாடு சாப்பிடுமா?" என்று மட்டும் கேட்டாராம். அத்தை அவ்வளவுதான். சமாதானம் ஆகிவிட்டார்.

பிறகுதான் வந்தது வினை. நாட்டை விட்டு வெளியேறு என்று சாகுலுக்கு நோட்டீஸ். வெளியிலிருந்து வந்த கணவன், முன்னதாக யூனியனின் வேறொரு நாட்டில் முறைப்படி குடியிருந்திருக்க வேண்டுமாம். அயர்லாந்துச் சட்டம் அப்படி. நம் சாகுல் போடியைத் தாண்டி நேரே டப்ளினில் இறங்கியவன். மார்த்தாவுக்கோ அப்போது ஐந்தாம் மாதம்.

மாமா என்னிடம் வந்தார். நானும் உட்கார்ந்தேன். நம் அரசியல் சட்டத்தில் ஓர் அத்தியாயத்துக்கு அயர்லாந்தைத்தான் முன்மாதிரியாக வைத்தார்கள் என்று லா காலேஜில் படித்தது ஞாபகம் வந்தது. அந்தத் தெம்பு ஒன்று போதாதா?

அங்கேதான் தப்பு நடந்தது. எங்கள் ஊர்த் தப்பு.

எங்கள் வாய்க்காலில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் முறையில் முதல் உரிமை ஊர்க்காரருக்கு. வெளியூர்க்காரர் நிலம் வாங்கினால் ஊர்க்கூட்டத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, கமிட்டி நோட்டில் பெயர் ஏறி, ஊர்க்காரர் ஆகவேண்டும். அதுவரை எல்லோரும் பாய்ச்சி முடித்த பிறகுதான் அவர் வயலுக்கு மடை திறக்கும். மாமாவுக்கு அந்த வழக்கம் ரத்தத்தில் ஊறியது. எனக்கும்தான். எனவே இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம்... மார்த்தாவை முதலில் 'ஊர்க்காரி' ஆக்கிவிட வேண்டும்! அவள் அங்கே போய் ஐந்து வருஷம் ஆகப்போகிறது. போலந்தை விட்டுவிட்டு அயர்லாந்துக் குடியுரிமைக்கு எழுதிப் போடட்டும். சொந்த நாட்டுப் பெண்ணின் புருஷனை எவன் துரத்துவான்?

நானே இங்கிலீஷில் அழகாக டைப் அடித்து சாகுலுக்கு அனுப்பினேன்.

வியாழக்கிழமை வந்த தாள், அதற்கு மார்த்தாவின் வக்கீல் எழுதிய பதில். சுருக்கம் இதுதான்: தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

யூனியனுக்கென்று ஒரு கோர்ட் இருக்கிறது. அது வேறொருவர் வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டதாம். யூனியனின் ஒரு நாட்டுக்காரர் இன்னொரு நாட்டில் பிழைக்கிறார் என்றால், அவருடைய கணவனோ மனைவியோ எங்கிருந்து வந்தாலும், எப்போது வந்தாலும், கூடவே இருக்கலாம். அயர்லாந்தின் நிபந்தனை செல்லாது. ஆனால் இந்தப் பாதுகாப்பு மார்த்தாவுக்குக் கிடைப்பதே அவள் அங்கே வெளிநாட்டுக்காரி என்பதால்தான். அயர்லாந்துக்காரியாகவே பிறந்து, அங்கேயே இருப்பவள் என்றால் யூனியன் சட்டம் பெரும்பாலும் எட்டிக்கூடப் பார்க்காது. உள்நாட்டுச் சட்டம் விட்ட வழி. மார்த்தா மாறிவிட்டால் அவளுக்கும் அதே கதி ஆகலாம்.

அதாவது, ஊர்க்காரிக்கு இல்லாத உரிமை வெளியூர்க்காரிக்கு! இதைப் படித்தால் தலை சுற்றாதா?

விட்டேனா? நானும் பிரவுசிங் சென்டருக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். போகும்போது அரைக் குழப்பம். வரும்போது முழுக் குழப்பம்.

ஒரு நாட்டுக்கு அரசியல் சட்டம்தானே உச்சி? அதற்கு மேலே எப்படி இன்னொன்று? கேட்டால், அயர்லாந்தின் அரசியல் சட்டத்திலேயே ஒரு பிரிவு போட்டிருக்கிறார்கள்... யூனியனில் இருப்பதற்குத் தேவையானதை இந்தச் சட்டம் தடுக்காது என்று. ஜனங்கள் ஓட்டுப் போட்டுச் சேர்த்தது. சரி, அப்படியென்றால் யூனியனுக்கு அந்த இடத்தைக் கொடுத்ததே அரசியல் சட்டம்தானே, அதுதானே பெரிது? இல்லையாம். யூனியன் கோர்ட் சொல்கிறது: நீ கொடுத்து நான் பெரியவன் ஆகவில்லை, நான் இயல்பிலேயே பெரியவன். ஜெர்மனியின் பெரிய கோர்ட்டோ, ஜனங்களின் அடிப்படை உரிமையை நீங்கள் ஒழுங்காகக் காப்பாற்றும் வரைக்கும் நாங்கள் தலையிட மாட்டோம் என்கிறதாம். ஒழுங்கா இல்லையா என்று பார்ப்பது யார்? அவர்களேதான்!

மாமியார், 'இந்த வீட்டில் நான் சொன்னதுதான்' என்கிறார். மருமகள், 'சரிங்க அத்தை, நீங்க நியாயமாகச் சொல்லும் வரைக்கும்' என்கிறாள். சாவிக்கொத்து யார் இடுப்பில்? யாரும் கேட்பதில்லை. கேட்காததால்தான் வீடு ஓடுகிறது. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். தப்பென்றால், விவரம் தெரிந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

மாமாவிடம் விளக்கினேன். தலையைச் சொறிந்தார். போன போகத்தில் ஆற்றுப் பாசனக் கூட்டமைப்பு, கடைமடைக்கு முதலில் தண்ணீர் விடுங்கள் என்று உத்தரவு போட்டபோது, எங்க வாய்க்காலுக்கு மேல எவன் என்று அந்தக் காகிதத்தைக் கிழித்தவர் அவர்.

"அப்ப மேல இருக்கவக சொல்லிட்டா ஊர் வழக்கம் செல்லாதுங்கிறாகளா?" என்றார்.

சாகுல் விஷயத்தில் செல்லாது மாமா என்றேன்.

"நல்ல சட்டம்தான்." எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "நம்ம வாய்க்காலுக்கு அப்படியெல்லாம் கிடையாதுல்ல?"

மேலே இருப்பவர் நமக்குச் சாதகமாகச் சொன்னால் நீதி, பாதகமாகச் சொன்னால் அத்துமீறல். ஐரோப்பாவில் மட்டும் வேறு மாதிரியா இருக்கப் போகிறது?

நல்ல செய்தியை அத்தையிடம் நீயே சொல்லிவிடு என்று மாமா என்னை வீட்டுக்குக் கூட்டிப் போனார். அத்தை மாடியில் இருந்தார். போன பிறகுதான் பார்த்தேன். மாடி அறைக்குப் புதுசாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. ஓரத்தில் வெஸ்டர்ன் டாய்லெட் கட்டி, டைல்ஸ்கூட ஒட்டியாயிற்று. உத்தரத்தில் தொட்டில் கட்ட ஒரு கொக்கி.

எனக்குச் சுருக்கென்றது. நானும் மாமாவும் தலை போகிற ஆபத்து என்று ஓடிக்கொண்டிருந்த அந்த நோட்டீஸ்... இந்த வீட்டில் ஒருவருக்கு அது மகன் வருகிறான் என்ற கடிதம். இத்தனை மாதத்தில் அவரை நாங்கள் ஒரு வார்த்தை கேட்டோமா? எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

சொன்னேன். சாகுலை இனி யாரும் அனுப்ப முடியாது அத்தை, பெரிய கோர்ட்டே சொல்லிவிட்டது என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். புள்ளத்தாச்சியை விட்டுவிட்டு அவன் மட்டும் வந்தால் நன்றாகவா இருக்கும் என்றும் அவரே சொன்னார். அங்கே தங்குவதற்கான கார்டு கைக்கு வந்ததும் மூன்று பேருமாக லீவில் வந்து போவார்கள் என்றேன்.

"வந்து போறது விருந்தாளிதானே ஆத்தா."

ஈரத்துணியை எடுத்து, டைல்ஸில் ஒட்டியிருந்த சிமென்ட்டைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்தக் கோர்ட்டுக்கு மேல இன்னொரு கோர்ட்டு இருக்கா தாயி?"

அயர்லாந்துக்கு மேலே ஐரோப்பா. ஐரோப்பாவுக்கு மேலே...? தெரிந்தவர்கள் எழுதுங்கள், வக்காலத்தில் கையெழுத்துப் போட அத்தை தயார்.