பாதியாக வற்றிய தண்ணீர்

தூத்துக்குடிப் பக்கம் உப்புத் தண்ணீர் குடித்தே வளர்ந்தவர்கள் நானும் என் மனைவியும். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்து, பாகலூருக்கு வெளியே வாடகை வீடு பிடித்தோம். குடியேறிய அன்று அவள் முதலில் பார்த்தது வீட்டையல்ல, போர்வெல் தண்ணீரை. ஒரு டம்ளர் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். துளி தூசி இல்லை. பாதியைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினாள்.

"குடிச்சுப் பாருங்க. கரிப்பே இல்ல. இதுக்காகவே இங்க இருந்துரலாம்."

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீரில் ஒரே ஒரு குற்றம்தான் தெரியும். உப்புக் கரிக்காவிட்டால் அது நல்ல தண்ணீர், அவ்வளவுதான். ஆனாலும் இங்கே வந்து பிறந்த எங்கள் இரண்டு பிள்ளைகள் விஷயத்தில் அவள் யாரையும் நம்பமாட்டாள், தண்ணீரையும்தான். சீரகம் போட்டு, பெரிய பாத்திரத்தில் பாதியாக வற்றும்வரை கொதிக்கவைப்பாள். கேஸ் தீர்கிறதே என்று நான் முணுமுணுத்தால், "ஆசுபத்திரிக்கு அலையதுக்கு இது தேவலை" என்பாள். எங்கள் பிள்ளைகளுக்கு வயிற்றுக் கோளாறு என்று ஒன்று வந்ததே இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மகளுக்குப் பால்பல் விழுந்து புதிய முன்பற்கள் முளைத்தபோது, அவை சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கலாக வந்தன. போகப்போகப் பழுப்புக் கறை ஏறியது. உப்பு வைத்துத் தேய்த்துப் பார்த்தோம், பேஸ்ட்டை மாற்றிப் பார்த்தோம். கறை அசைந்து கொடுக்கவில்லை. மாடியில் குடியிருந்த ஓனரம்மா, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், தன் பழுப்புப் பற்களைக் காட்டிச் சிரித்தார்.

"அதுக்கு ஏம்மா புள்ளையப் போட்டுத் தேய்க்கிற. இங்க பொறந்ததுங்களுக்கெல்லாம் பல்லு அப்பிடித்தான்."

மகளுக்கு அந்த ஆறுதல் போதவில்லை. சிரிப்பு வந்தால் உதட்டை இறுக்கிக்கொள்ளப் பழகிவிட்டாள்.

பள்ளிக்குப் பல் பார்க்க வந்த டாக்டர் எங்களை வரச்சொல்லியிருந்தார். சின்ன வயதுப் பெண். மகளின் வாயைப் பார்த்ததுமே எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். பாறையிலிருந்து ஃபுளோரைடு தண்ணீரில் கரைந்து, அதுதான் பல்லில் இறங்கியிருக்கிறது என்றார்.

"நாங்க காய்ச்சித்தான் கொடுக்கோம் மேடம்" என்றாள் மனைவி. "பாதியா வத்துற வரைக்கும்."

டாக்டர் சற்றுத் தயங்கினார். "காய்ச்சினா கிருமி சாகும்மா. இது கிருமி இல்ல. தண்ணிதான் ஆவியாப் போகும், இது பாத்திரத்துலயே நின்னுடும். பாதியா வத்தினா, ஒரு டம்ளருக்கு இது ரெண்டு மடங்கு இருக்கும்."

மனைவியின் இடுப்பில் இருந்த மகனுக்கு அப்போது இரண்டு வயது. டாக்டர் அவன் கன்னத்தைத் தொட்டார்.

"பொண்ணுக்கு முன்பல்லு முழுசா உருவாகி முடிஞ்சிடுச்சு. இவனுக்கு ஏழு வயசுல வரப்போற பல்லு இப்பவே ஈறுக்குள்ள உருவாகிட்டு இருக்கு. நுனியிலதான் ஆரம்பிக்கும். இதுவரைக்கும் குடிச்சத ஒண்ணும் பண்ண முடியாது. இனிமே மாத்துங்க."

கம்பெனியில் நான் தரச்சோதனைப் பிரிவில் இருக்கிறேன். மைக்ரான் அளவுக்குப் பார்க்கிற கண் என்று பெருமை வேறு. அன்று பஸ்ஸில் மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். என் உள்ளங்கையளவு முகம். அதற்குள், யாரும் பார்க்காத இருட்டில், ஐந்து வருஷம் கழித்து வரவேண்டிய பல் அன்றன்று குடிக்கும் தண்ணீரை வாங்கித் தன்னைக் கட்டிக்கொண்டிருக்கிறது. எந்தக் காலத்து மழையோ, எந்தக் காலத்துப் பாறையோ, அது என் பிள்ளையின் தாடைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட மலைப்புதான் பெரிதாக இருந்தது, அது இன்றுவரை தீரவில்லை.

மறுநாளிலிருந்து போர் தண்ணீர் துவைக்க, குளிக்க மட்டும். குடிக்க, சமைக்க, தெருக்குழாயில் வரும் ஒகேனக்கல் காவிரித் தண்ணீர். குழாய் வருகிற நேரத்துக்காக நான் ஷிப்டை மாற்றிக் கேட்டு வாங்கினேன். குடம் சுமப்பதில் எங்களுக்குள் சண்டைகூட வந்ததில்லை. மகனின் பல்லுக்காகக் காத்திருந்தோம்.

மகனுக்கு ஏழு வயதில் மேல் முன்பல் எட்டிப் பார்த்தது. நுனி சுண்ணாம்பு வெள்ளை. மனைவி அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். "போச்சுங்க. இவனுக்கும் போச்சு."

பல் இறங்க இறங்க அவள் பார்ப்பதையே விட்டுவிட்டாள். ஒரு காலையில் நான்தான் கவனித்தேன். செல்போன் டார்ச்சை அடித்து, அவனை அண்ணாந்து நிற்கச் சொன்னேன். பல்லின் நடுவில் குறுக்காக ஒரு மெல்லிய கோடு. கோட்டுக்குக் கீழே மங்கல். மேலே, ஈறு வரை, மறுவில்லாத பளபளப்பு. பக்கத்துப் பல்லிலும் அதே உயரத்தில் அதே கோடு. வீட்டில் தண்ணீரை மாற்றிய சமயம் அங்கே தெரிந்தது.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலால் அந்தக் கோட்டைத் தடவித் தடவிப் பார்த்தாள். "இந்தா, இங்கேருந்து நல்ல தண்ணி" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

சத்தம் கேட்டு மகள் வந்தாள். தம்பியின் பல்லை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டு கண்ணாடி முன் போனாள். எங்கள் முன் சிரிக்கக்கூடத் திறக்காத வாயைத் திறந்து, மேலுதட்டை விரலால் தூக்கி, ஒவ்வொரு பல்லாக வெளிச்சம் அடித்துத் தேடினாள்.

"எனக்குக் கோடு எங்கேப்பா?" என்றாள்.